கல்லங்காட்டு வலசில் வண்டிகள் பேசிய காலம்

வீடுகளைவிட லாரிகள் அதிகமாக நிற்கும் கல்லங்காட்டு வலசில் வண்டிகள் மனிதக் குரலில் பேசத் தொடங்கிய செய்தி, ஊரில் எல்லாருக்கும் தெரிந்து, பால்காரருக்குத் தெரிந்து, பஞ்சர் கடைக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்து, பழசாகி, இனிப் பேச ஒன்றுமில்லை என்றான பிறகுதான், அந்த விஷயத்தில் முனைவர் பட்டம் வாங்கியிருந்த எனக்கு வந்து சேர்ந்தது. அன்று நான் கல்லூரியில் கரும்பலகை நிறையச் சூத்திரம் எழுதி, ஓடுகிற வண்டிகள் தங்களுக்குள் இவ்வளவுக்கு மேல் தகவல் பரிமாறிக்கொள்ளவே முடியாது என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். அவர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது, மரியாதைக்காகச் சொல்லவில்லை.

என் பெயர் நாச்சிமுத்து. வண்டிகளுக்கு இடையே கம்பியில்லாமல் எவ்வளவு தகவல் போகும் என்பதே நான் இளமையைச் செலவழித்து ஆராய்ந்த பொருள். ரொம்பப் போகாது என்பதே நான் கண்டுபிடித்த விடை. வண்டிகள் கூடக்கூட ஒவ்வொரு வண்டிக்கும் கிடைக்கிற பங்கு குறைந்துகொண்டே போகும், கடைசியில் ஒன்றுமே இல்லாத அளவுக்கு வந்துவிடும். இதை என் அக்கா மயிலாத்தாளிடம் பெருமையாகச் சொன்னபோது அவள் மாவைக் கரைத்துக்கொண்டே, "பந்தியில ஆள் கூடுனா பாயசம் குறையும். இதுக்கா கண்ணு இத்தனை வருசம் படிச்ச?" என்று கேட்டாள். நான் அவளுக்கு அடுக்குக்குறி வித்தியாசத்தை விளக்கினேன். அவள் எனக்கு இன்னொரு தோசை வைத்தாள்.

அக்கா பைபாஸ் ஓரத்தில் மெஸ் நடத்துகிறாள். அவள் வீட்டுக்காரர் அர்த்தநாரி, என் மச்சான், கல்கத்தா ரோட்டில் லாரி ஓட்டுகிறார். இருவரும் பேசிக்கொள்வதில்லை. மகள் கல்யாணத்துக்கு முகூர்த்த நேரத்தில் வந்து நிற்க வேண்டிய மனிதர், தாலி கட்டி, பந்தி முடிந்து, வாழைமரத்தை அவிழ்க்கிற நேரத்தில் வந்து நின்றார். சட்டையெல்லாம் அழுக்கு. ஏன் என்று அக்கா கேட்டதற்கு, "ரோட்டுல ஒரு வேலை ஆயிருச்சு" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் ஊருக்கு வந்தால் அக்கா இலை போடுவாள், பரிமாறுவாள், அவர் கை கழுவியதும் இலையை எடுப்பாள். பேச்சு மட்டும் கிடையாது. அவர் போன் செய்தால் எடுக்கமாட்டாள். ஆகவே அவர் எனக்குப் போன் செய்வார். "மாப்ளே, அக்கா எப்படி இருக்கா?" என்பார். நான் அதை எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் முன்னுரை, விளக்கம், என் சொந்தக் கருத்து எல்லாம் சேர்த்துச் சொல்வேன். அவள் பாதியில் எழுந்து போய்விடுவாள். தகவல் தொடர்பில் முனைவரான ஒருவன் நடுவில் இருந்தும் அவர்களுக்குள் ஒரு சொல்கூடப் போய்ச் சேராதது, எனக்கு அப்போது ஒரு முரண்பாடாகத் தோன்றவில்லை.

இந்த நிலையில்தான் கல்லூரிக்கு ஒரு திட்டம் வந்தது. வலசின் லாரிகளுக்கெல்லாம் சோப்புப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி பொருத்த வேண்டும். அந்தப் பெட்டி பக்கத்து வண்டியின் பெட்டியிடம், நான் இங்கே இருக்கிறேன், இந்த வேகத்தில் வருகிறேன், பிரேக் பிடிக்கிறேன் என்று சொல்லும். ஆபத்து என்றால் டிரைவரிடம் "நில்" என்று சொல்லும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். டிரைவர்கள் அதற்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினார்கள். அது ஆடு குறுக்கே வந்தாலும் நில் என்றது, ஆட்டின் நிழல் வந்தாலும் நில் என்றது, தூளி மாதிரி ஆடும் சொந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தும் நில் என்றது. ஒரு மாதத்துக்குள் வலசின் டிரைவர்கள் யாருக்கும் அந்தச் சொல் காதில் விழாமல் போயிற்று. வடிவமைப்பு என்னுடையது.

பிறகு ஒருநாள் மத்தியானம், லாரி உரிமையாளர் சங்கத் தலைவர் செங்கோடனின் லாரி ஒன்று வடக்கேயிருந்து திரும்பி, மெஸ்ஸுக்கு முன்னால் நின்று, எஞ்சினை அணைத்தது. டிரைவர் இறங்கிக் கைகழுவப் போனார். ஆளில்லாத அந்த லாரி, தொண்டையைச் செருமிக்கொண்டு, நானூறு மைலுக்கு அப்பால் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்த என் மச்சானின் குரலில், "பசிக்குது மயிலா" என்றது.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. அக்கா ஒரு தலைவாழை இலையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். லாரியின் முன்பம்பருக்குக் கீழே தண்ணீர் தெளித்து, இலையை விரித்து, சோறு வைத்து, குழம்பு ஊற்றி, பொரியல் வைத்து, அப்பளத்தையும் நொறுங்காமல் ஓரத்தில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போனாள். கோபம் கோபமாகவே இருந்தது. அதற்காக ஒருத்தரைப் பட்டினி போடுவது வேறு விஷயம். இலையை நாய்கள் காலி செய்தன. அன்றைக்கு மாலை மச்சான் எனக்குப் போன் செய்து, "இன்னைக்கு என்னமோ மதியம் சாப்பிடாமயே வயிறு நெறைஞ்ச மாதிரி இருக்குது மாப்ளே" என்றார். அஜீரணமாக இருக்கும் என்று சொன்னேன்.

அதன்பின் எல்லா வண்டிகளும் பேசின. வண்டியில் தனியாக உட்கார்ந்து ஒருவர் சொல்கிற சொல், எதிரே வரும் வண்டிக்குத் தாவி, அதிலிருந்து அடுத்ததற்குத் தாவி, சொன்னவர் யாரை நினைத்துச் சொன்னாரோ அவருக்குப் பக்கத்தில் நிற்கிற வண்டியின் வாயிலிருந்து வெளியே வந்தது. பெட்டி பொருத்திய வண்டிகள் பேசின. அவற்றோடு ஒரு ராத்தங்கல் பக்கத்தில் நின்ற, பெட்டியே இல்லாத டிராக்டர்களும் பேசின. காரணம் எலுமிச்சம்பழம் என்றார்கள் சிலர். திருச்செங்கோட்டு மலைக்காற்று என்றார்கள் சிலர். நான் ஒரு பெட்டியைக் கழற்றிப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே நான் வைத்ததுதான் இருந்தது. பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஊர் இதற்குப் பழகிய விதத்தைச் சொல்ல வேண்டும். குஜராத்துக்குப் போன புருஷனிடம் பேச நினைத்த பெண்கள், குளித்து, பூ வைத்துக்கொண்டு, வாசலில் நிற்கும் மொபெட்டில் போய் உட்கார்ந்தார்கள். மொபெட் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் "கொஞ்ச நேரம் வண்டியில உக்காந்துக்கறனுங்க" என்று சர்க்கரை கடன் கேட்கிற மாதிரி கேட்டார்கள். கைபேசி எல்லாரிடமும் இருந்தது. ஆனால் கைபேசியில் எதிரே ஒருத்தர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரியும், அதனால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் சாப்பிட்டீங்களா என்று கேட்டு வைத்துவிடுவோம். வண்டியில் யாரும் இல்லாததால் உள்ளது வந்துவிட்டது. கல்யாணப் பேச்சுகள் வண்டியில் முடிந்தன. பாகப் பிரிவினைகள் வண்டியில் முறிந்தன. யாரோ யாரையோ நினைத்துச் சொன்னது, நினைக்கப்பட்டவர் மளிகைக் கடையில் நிற்கும்போது, சோடா வண்டியிலிருந்து ஊர் அறிய வெளியே வந்து, இரண்டு குடும்பங்கள் சம்பந்தி ஆயின. லாரி பேசினால் காது கொடுக்காமல் தரையைப் பார்ப்பது நாகரிகம் என்று ஆயிற்று. தரையைப் பார்த்தபடியே எல்லாரும் எல்லாவற்றையும் கேட்டார்கள்.

மச்சானும் பேசினார். வாழ்நாள் முழுக்க மூன்று சொல்லுக்குமேல் பேசாத மனிதர், ஆளில்லாத கேபினில் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, மகள் கல்யாணத்தன்று ஏன் தாமதமானது என்று அக்காவுக்குச் சொல்ல ஆரம்பித்தார். அது ஒரு நாளில் முடிகிற பேச்சாக இல்லை. ஒரு துண்டு சிமெண்ட் லாரியில் வந்தது. அடுத்த துண்டு அதற்கு முன்னாலேயே காய்கறி வேனில் வந்துவிட்டிருந்தது. அக்கா தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்பாள். முகத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் அப்படி ஒரு குரல் வரும் சமயங்களில் அவள் ஊற்றுகிற தோசை வட்டமாக வராது.

ஆனால் அதற்குள் என் சூத்திரம் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. வலசில் மட்டுமல்லாமல் ரோடு நெடுகப் பேச்சு தொற்றிக்கொண்டதால், பேசுகிறவர்கள் பெருகப் பெருக ஒவ்வொருவருக்கும் இடம் சுருங்கிற்று. முதலில் முழு வாக்கியங்களாக வந்தவை பாதி வாக்கியங்களாக வந்தன. பிறகு சொற்களாக வந்தன. ஒருவர் சொல்லும் இன்னொருவர் சொல்லும் ஒரே வண்டியில் ஏறி ஒன்றோடொன்று கலந்தன. "கொழந்தைக்கு மொட்டை போட்டு கியர் ஆயில் மாத்திடுங்க" என்று ஒரு பால்வண்டி சொல்லிற்று. நான் உள்ளூர மகிழ்ந்தேன். உலகத்தில் என் ஆராய்ச்சி உண்மையாவதை நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர். ஊர் தவித்துக்கொண்டிருந்தபோது நான் செங்கோடனிடம் போய், "பாத்தீங்களா, நான் சொன்ன மாதிரியே ஆகுதுங்க" என்றேன். அவர், "ஊட்டுல தீப்பிடிக்கும்னு சொன்னவன் பத்திகிட்டப்பறம் வந்து சிரிக்கற மாதிரி இருக்குது புரபசர்" என்றார்.

மச்சானின் பேச்சிலிருந்து அக்காவுக்குக் கடைசியாகக் கிடைத்தவை மூன்று துண்டுகள். "வெயிலு." "தண்ணி கேட்டான்." "கையை விடவே இல்ல." அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அக்கா காத்திருந்தாள். லாரிகள் வந்து நின்றபோதெல்லாம் கரண்டியை நிறுத்தி அவள் காது கொடுத்ததை நான் பார்த்தேன். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. படித்தவனுக்கு இரக்கம் வந்தால் என்ன செய்வானோ அதைச் செய்தேன். விட்டுப்போன தகவலை நிகழ்தகவைக் கொண்டு நிரப்பும் ஒரு முறை உண்டு. இரண்டு நாள் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டு வந்து அக்காவிடம் சொன்னேன்.

"மச்சான் வெயிலுக்கு எங்கயோ ஒதுங்கி, கூட ஒருத்தனோட சேர்ந்து குடிச்சிருக்கார். அவன் கலக்கறதுக்குத் தண்ணி கேட்டிருக்கான். போலீஸ் வந்து மச்சான் கையைப் பிடிச்சு, விடவே இல்லை. இதுதான் அதிகம் பொருந்துது அக்கா."

அக்கா அடுப்பை அணைத்தாள். மெஸ்ஸில் மத்தியான நேரத்தில் அடுப்பு அணைந்து நான் பார்த்ததில்லை. "அவரு குடிக்க மாட்டாரே தம்பி" என்றாள்.

"கணக்கு அப்படித்தான் வருது."

அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் வந்து நின்ற எந்த லாரிக்கும் இலை போடவில்லை. கேட்காத உதவிகளில் எனக்கு எப்போதும் நல்ல கைராசி.

ஐப்பசி அடைமழையில் வங்கக் கடலில் புயல் ஒன்று உருவாகி வடக்கே ஏறிக் கரை கடந்தது. ஒரு பகல் நேரம், மெஸ் தொலைக்காட்சியில், கல்கத்தா ரோட்டில் ஒரு காட்டாற்றுப் பாலம் நடுவில் இல்லாமல் இருப்பதைக் காட்டினார்கள். தென்கரையில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். வடகரைக்கு இன்னும் யாரும் போய்ச்சேரவில்லை, அங்கே செல்போன் கோபுரங்கள் சாய்ந்துவிட்டன என்றார்கள். வடகரைப் பக்கத்திலிருந்துதான் வலசின் லாரிகள் ஐந்து, ஒன்றின்பின் ஒன்றாக, தீபாவளிக்கு ஊருக்கு வந்துகொண்டிருந்தன. முன்னால் வருவது மச்சானின் லாரி. மழையில் கண் தெரியாத ரோட்டில் முன்வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வருவார்கள். அது போகிற இடத்துக்கு எல்லாரும் போவார்கள்.

செங்கோடன் ஐந்து பேருக்கும் மாறி மாறிப் போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண்குரல் ஐந்து முறையும் ஒரே பொறுமையோடு சொன்னது. அப்போது ஊருக்கு வண்டிகளின் ஞாபகம் வந்தது. வலசே எழுந்து ஓடிற்று. லாரிகளிலும், மொபெட்டுகளிலும், டிராக்டர்களிலும், செங்கல் சூளை மினிலாரியிலும், பள்ளிக்கூட வேனிலும் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொருவரும் தன் ஆளை நினைத்து, நில்லுங்க, பாலம் போச்சு, திரும்பிருங்க, கண்ணு நில்லுடா என்று கத்தினார்கள். சொந்தக்காரர் யாரும் அந்த ஐந்தில் இல்லாதவர்களும் மனசு கேட்காமல் கத்தினார்கள். தென்கரையில் நின்ற அயலூர் டிரைவர்களும் அவரவர் பாஷையில் கத்தியிருப்பார்கள். சொற்களெல்லாம் ஒரே நேரத்தில் ரோட்டில் ஏறி, ஒன்றை ஒன்று இடித்து, ஒன்றும் நகராமல் நின்றுவிட்டன. ஊரில் நின்ற அத்தனை வண்டிகளின் வாயிலிருந்தும் தேன்கூட்டைக் கலைத்த மாதிரி ம்ம்ம் என்று ஓர் இரைச்சல் மட்டும் வந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. ஊரே வாயை மூடினால் ஒரு சொல் போக இடம் கிடைக்கும். ஒரே ஒரு சொல். இந்த முறை கணக்கு சரியாகவே இருந்தது. துணிக்கடை விளம்பரத்துக்கு வந்த ஆட்டோ ஒன்று மைக்கோடு நின்றது. அதில் ஏறி உட்கார்ந்து, தெருத்தெருவாகப் போகச் சொல்லி, ஊருக்கு விஷயத்தை விளக்கத் தொடங்கினேன்.

"அன்பார்ந்த பொதுமக்களே, தயவுசெய்து அமைதியாக இருங்கள். நாம் ஏன் அமைதியாக இருக்க வேண்டும்? ஒரு சாலையின் தகவல் கொள்ளளவு என்பது எல்லைக்கு உட்பட்டது…"

மக்கள் கேட்டார்கள். ஒவ்வொரு தெருவாக வண்டிகளை விட்டு இறங்கி, கதவைச் சாத்தி, வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். எனக்கு உற்சாகமாக இருந்தது. வகுப்பில்கூட இவ்வளவு நிசப்தம் வாய்த்ததில்லை. நிசப்தத்தைப் பயன்படுத்திக்கொண்டு குறுக்கீடு என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடலாம் என்று தோன்றிற்று. சொன்னேன். மூன்றாவது தெருத் திருப்பத்தில் ஏதோ எதிரொலி கேட்கிற மாதிரி இருந்தது. வரிசையாக நின்ற லாரிகள் எல்லாம் என் குரலில், முன்பின்னாக, "கொள்ளளவு… கொள்ளளவு… எல்லைக்கு உட்பட்ட… கொள்ளளவு…" என்று சொல்லிக்கொண்டிருந்தன.

அக்கா தெருவின் நடுவில் நின்றாள். கையில் தோசைக்கரண்டி. ஆட்டோ நின்றது. அவள் வந்து மைக்கின் ஒயரைப் பிடுங்கினாள்.

"தம்பி," என்றாள், மெதுவாக. "இப்ப ரோட்டுல இருக்கறது நீ ஒருத்தன்தான். கொஞ்சம் எறங்கு."

நான் இறங்கினேன்.

அப்போது வலசில் இறங்கிய அமைதியை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அழுதுகொண்டிருந்த கைக்குழந்தைகளைத் தாய்மார்கள் மாரோடு அணைத்துக்கொண்டார்கள், அவை அடங்கின. பட்டறைகளில் சுத்தியல் கீழே வைக்கப்பட்டது. கோயில் பூசாரி மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவரோடொருவர் எட்டு வருஷமாக வாய்க்கால் தகராறில் இருந்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே மாதிரி மூச்சு விட்டார்கள். ஒவ்வொரு வண்டியாக, இரைச்சல் குறைந்து, குறைந்து, கடைசியாகப் பஞ்சாயத்துத் தண்ணீர் லாரி "உட்பட்ட" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு நின்றது. மழை மட்டும் பெய்தது.

யார் சொல்வது, என்ன சொல்வது என்பதைப் பேசாமலே முடிவு செய்ய வேண்டியிருந்தது. பின்னால் வரும் நான்கு லாரிக்காரர்களின் மனைவிமாரும் அக்காவைப் பார்த்தார்கள். முன்னால் வருகிறவர் நின்றால் நால்வரும் நிற்பார்கள். செங்கோடன் பக்கத்தில் நின்ற வண்டியின் கதவைத் திறந்தார். அது நாமக்கல் கோழி வண்டி. கூண்டுகளில் கோழிகள்கூட, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தன.

அக்கா ஏறி உட்கார்ந்தாள். அவள் உதடு "நில்லு" என்று குவிவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். குவிந்து, அப்படியே நின்றுவிட்டது. அவளுக்குத் தெரியும், வலசு டிரைவர் எவனுக்கும் அந்தச் சொல் கேட்காது. என் பெட்டிகள் அந்தச் சொல்லைத் தேய்த்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டிருந்தன. அவர் நிற்க வேண்டுமானால் அவர் ஒருநாளும் கேட்டிராத சொல்லாக இருக்க வேண்டும்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்கா புருஷன் பெயரைச் சொன்னதில்லை. அவர் பெயர் சாமி பெயர் என்பதால் திருச்செங்கோட்டு மலைக்குப் போனாலும் "மலமேல இருக்கறவரே, காப்பாத்துங்க" என்றுதான் கும்பிடுவாள். ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவரைச் சொல்லச் சொல்வாள். அந்தப் பெயரை அவள் இப்போது கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்.

"அர்த்தநாரி."

காலியாகக் கிடந்த ரோட்டில் அந்தச் சொல் போயிற்று. பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் அர்த்தநாரி என்று பெயர் வைக்காத குடும்பம் அபூர்வம். அந்த மத்தியானம் ஓசூரில் ஓர் அர்த்தநாரி சிக்னல் இல்லாத இடத்தில் நின்றார். நெல்லூர்ப் பக்கம் ஓர் அர்த்தநாரி தார்ப்பாய் கட்டுவதை விட்டுவிட்டு, செத்துப்போன தன் அம்மாவை நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இன்னும் எத்தனையோ பேர் அன்று காரணம் தெரியாமல் பிரேக் மிதித்து, இறங்கி, சுற்றிலும் பார்த்தார்கள். பெயர் இல்லாமல் அழைக்கப்பட்டு ஆயுளைக் கழித்தவர்கள்தான் எல்லாரும்.

ஊர் காத்திருந்தது. கோழிகள் காத்திருந்தன. அக்கா ஸ்டீரிங்கை இறுகப் பிடித்திருந்தாள். வண்டி ஓட்டத் தெரியாதவள் அதை ஓட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

கோழி வண்டி செருமிற்று.

"மயிலா?" என்றது மச்சானின் குரல். பின்னணியில் மழை. "என்னையவா கூப்பிட்ட?"

அவள் ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"நின்னுட்டேன்," என்றது குரல். கொஞ்ச நேரம் வைப்பர் ஓடுகிற சத்தம். "முன்னாடி ரோட்டைக் காணமே மயிலா."

"இருங்க," என்றாள் அக்கா. "அங்கயே இருங்க."

கதவைத் திறந்து இறங்கினாள். நான்கு பெண்களும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். செங்கோடன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு லாரிக்குப் பின்னால் போய் நின்றார். அதன்பிறகுதான் ஊர் வாயைத் திறந்தது; திறந்து என்ன சத்தம் போட்டது என்பதை விவரிக்கத் தேவையில்லை, அதற்குக் கொள்ளளவு போதவில்லை.

ஐந்து லாரிகளும் மலைப்பாதையைச் சுற்றிக்கொண்டு, தீபாவளி முடிந்து வந்து சேர்ந்தன. மச்சான் மெஸ்ஸுக்கு வந்தபோது கூட்டமில்லை. நான் சட்னி அரைக்க உதவிக்கொண்டிருந்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அக்கா இலை போட்டாள்.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டியே," என்றார் இலையைப் பார்த்துக்கொண்டு.

"வேற எதைச் சொன்னாலும் நின்னிருக்க மாட்டீங்க."

"ஆமா." தண்ணீர் தெளித்தார். பிறகு, "ரோட்டுல பேசுனதெல்லாம் வந்துச்சா?"

"கையை விடவே இல்லங்கற வரைக்கும் வந்துச்சு. மிச்சத்தைத் தம்பி போட்டு நிரப்புனான்." அக்கா என்னைப் பார்த்தாள். "போலீசு உங்க கையைப் பிடிச்சு விடலையாம்."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் சட்னியைப் பார்த்தேன்.

அவர் அன்று சொன்னது இதுதான். கல்யாணத்தன்று விடியற்காலை, ஊருக்கு வருகிற வழியில், ஒரு லாரி புளியமரத்தில் மோதி நின்றதைப் பார்த்தார். டிரைவர் ஒரிசாக்காரர். கேபின் நசுங்கி, இடுப்புக்குக் கீழே சிக்கிக்கொண்டார். ஆம்புலன்ஸும் வெட்டி எடுக்கிற மிஷினும் வர நேரமாயிற்று. மச்சான் ஜன்னல் வழியாகக் கையைக் கொடுத்தார். அந்த மனிதர் அதைப் பிடித்துக்கொண்டார். வெயில் ஏறிற்று. அவர் தண்ணீர் கேட்டார், மச்சான் கொடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு ஒரியா தெரியாது. ஆனாலும் அவர் பேசிக்கொண்டே இருந்தார். பெண்டாட்டி பெயரும் ஊர்ப் பெயரும் மட்டும் இவருக்கு விளங்கின. மிஷின் வந்தபோது அந்தக் கை பிடியைத் தளர்த்தாமலே குளிர்ந்துபோயிருந்தது.

"கல்யாண ஊட்டுல வந்து இதை எப்படிச் சொல்றது மயிலா," என்றார். "தாலி கட்டுன அன்னைக்கு."

அக்கா எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு, "அவரு பொண்டாட்டிக்கு யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டாள். "கடைசியில அவரு பேசிட்டு இருந்தாருன்னு. தனியா இல்லைன்னு."

"தெரியல. ஊரு பேரு மட்டும் ஞாபகம் இருக்குது. கல்கத்தா ரோட்டுல இருந்து உள்ள போகணும்."

"பாஷை தெரியாதே."

"தெரியாதுதான்."

அக்கா எழுந்து கையைக் கழுவினாள். முந்தானையால் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து தோசைக்கரண்டியை என் கையில் வைத்தாள். "ஒரு வாரம் பாத்துக்க தம்பி. மாவுக்கு அரிசி மூணு பங்கு, உளுந்து ஒரு பங்கு. யாருக்கும் எதையும் வெளக்காதே."

மறுநாள் காலை மச்சானின் லாரி புறப்பட்டபோது அக்கா முன்சீட்டில், பட்டுச்சேலையில், மடியில் சோறு கட்டிய ஒரு தூக்குப்போசியோடு உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த லாரியில் ஏறியதே இல்லை. தெருத் திருப்பம் தாண்டும்போதே இருவர் வாயும் அசைந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். பைபாஸில் ஏறும்போதும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் மெஸ் வாசலில் நின்று காத்திருந்தேன். சிமெண்ட் லாரி வந்தது, காய்கறி வேன் வந்தது, வடக்கேயிருந்து வருகிற வண்டிகளெல்லாம் வந்து நின்று, யார் யாருடைய சொல்லையோ சொல்லிவிட்டுப் போயின. அந்த இருவர் பேசியதில் ஒரு எழுத்துகூட எந்த வண்டியிலும் வரவில்லை. ஒரிசா போய்ச் சேருகிற அளவுக்கு நீளமான பேச்சு, அந்தச் சின்னக் கேபினுக்குள்ளேயே முழுதும் அடங்கிவிட்டது. எந்தச் சூத்திரப்படியும் இது சாத்தியமில்லை. நான் கரண்டியை வைத்துவிட்டு, கல்லாப்பெட்டிக்கு மேல் கிடந்த காலண்டர் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட ஆரம்பித்தேன். பாதியில், சாப்பிட வந்து உட்கார்ந்திருந்த செங்கோடனிடம், இது எப்படி ஆகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

அவர் மூக்கை உறிஞ்சினார்.

"அது கெடக்கட்டும் புரபசர்," என்றார். "தோசை கருகுது. திருப்புங்க."